பருவம் பிழைத்தால் பழி யாருக்கு?





சென்ற பௌர்ணமியன்று வழிபாடு முடிந்து, பஞ்சசீலம் ஏற்று, அனைவரும் விடைபெற்றுச் சென்ற பின்னரும், நமது ஞாயிறு அறவகுப்பில் பயிலும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி மட்டும் விளக்கின் அருகே தயங்கி நின்றாள். "ஏன் அம்மா, வீட்டுக்குப் போகவில்லையா?" என்று வினவினோம். அவள் தலை நிமிராமலே சொன்னாள்: "ஐயா, 2021-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் எங்கள் அப்பா இறந்துபோனார். துக்கம் கேட்க வந்த பெரியவர் ஒருவர், 'போன பிறவியில் செய்த பாவம், இந்தப் பிறவியில் வந்து தீர்கிறது' என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். நம் தருமமும் அப்படித்தான் சொல்லுகிறதா, ஐயா? மறுபடியும் உலகம் முழுவதற்கும் அப்படியொரு கேடு வந்தால், எங்கள் வீட்டில் மீதி இருக்கிற மூன்று பேரும் என்ன செய்வது?"

அப்போதுதான் அவளுடைய காதுகளைக் கவனித்தோம். தோடு இருக்க வேண்டிய துளைகளில், அவை தூர்ந்துவிடாதபடி வேப்பங்குச்சி செருகப்பட்டிருந்தது. தோடு எங்கே போயிற்று என்று யாம் கேட்கவில்லை. நோய் வந்து போன வீட்டில் தோடு எங்கே போயிருக்கும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே.

இரவு நேரமாகிவிட்டபடியால் அன்று இரண்டொரு ஆறுதல் மொழிகளே கூறி அவளை அனுப்பினோம். ஆயினும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. அது அவளுடைய கேள்வி மட்டுமன்று. நம்மில் பலருடைய வீடுகளில் வாய்விட்டுக் கேட்கப்படாமல் கிடக்கும் கேள்வி. ஆகவே இன்று அதற்கு விடை கூற முற்படுகின்றோம். பொறுமையுடன் கேட்டருள வேண்டுகின்றோம்.

அரசனிடம் கேட்கப்பட்ட கேள்வி

ஒரு நாள் நண்பகலில் கோசல நாட்டு மன்னன் பசேநதி சாவத்தி நகரில் பகவான் புத்தரைக் காண வந்தான். ஆட்சி அலுவல்களில் மூழ்கியிருந்ததாகக் கூறிய அவனிடம், பகவான் ஒரு கேள்வியைக் கேட்டார். கிழக்கிலிருந்து நம்பத்தகுந்த ஒருவன் ஓடிவந்து, மேகத்தை முட்டும் மலையொன்று எல்லா உயிர்களையும் நசுக்கிக்கொண்டு வருகின்றது என்று சொல்லுகிறான். மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள் அவ்வாறே சொல்லுகிறார்கள். மன்னா, இத்தகைய பேரழிவு சூழ்ந்து வரும்பொழுது, பெறற்கரிய இம்மானிடப் பிறவியில் நீ செய்யத்தக்கது யாது? இதுவே கேள்வி.

மன்னன் என்ன விடை சொன்னான்? யானைப் படையை அனுப்புவேன் என்று சொல்லவில்லை. சூழ்ச்சி வல்ல அமைச்சர்களை அழைப்பேன் என்று சொல்லவில்லை. பொன்னைக் கொடுத்து மலையைத் திருப்பி அனுப்புவேன் என்றும் சொல்லவில்லை. இவற்றுள் எதுவும் அப்போது பயன்படாது என்பதை அவனே ஒப்புக்கொண்டான். அறநெறி நிற்பதும் நல்வினை செய்வதும் அன்றி வேறு என்ன செய்வேன் என்றான். பகவான் அதனை ஏற்று, முதுமையும் மரணமும் அத்தகைய மலைகளாக உன்மீது உருண்டு வருகின்றன என்று உணர்த்தினார்.

அன்பர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். மலை ஏன் வந்தது, யார் செய்த பாவத்தால் வந்தது என்று அங்கே பேச்சே எழவில்லை. வந்துவிட்ட இடத்தில் நீ என்ன செய்வாய் என்பது ஒன்றே கேள்வி. இதனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, உவமையாக அல்லாமல் உண்மையாகவே ஒரு மலை உலகத்தைச் சூழ்ந்த கதையைக் கேளுங்கள்.

வெடித்த மலையும் மறைந்த வெயிலும்

இன்று இந்தோனேசியா எனப்படும் தீவு நாட்டில் சும்பாவா என்றொரு தீவு உண்டு. அத்தீவில் தம்போரா என்னும் எரிமலை நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. 1815-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அது முழங்கத் தொடங்கிற்று. ஏப்ரல் 10-ஆம் நாள் பெருவெடிப்பாக வெடித்தது. ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரம் இருந்த மலை, வெடித்து முடிந்தபின் 2,850 மீட்டராகக் குறைந்துவிட்டது. அதன் உச்சி இருந்த இடத்தில் ஆறு கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் உண்டாயிற்று. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அவ்வோசை கேட்டது. சாவகத் தீவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் பீரங்கி முழக்கம் என்று மயங்கிப் போருக்கு அணிவகுத்தனர். பதிவு செய்யப்பட்ட மனித வரலாற்றில் இதனினும் பெரிய எரிமலை வெடிப்பைக் காண்பது அரிது.

மலையடிவாரத்து ஊர்கள் சாம்பலில் புதைந்தன. நெருப்புக்குத் தப்பியவர்களைப் பசி பற்றிக்கொண்டது. வயல்கள் சாம்பலால் மூடப்பட்டன, கிணறுகள் கெட்டன. சும்பாவாவிலும் அடுத்துள்ள இலம்போக்குத் தீவிலும் மாண்டவர் எழுபதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் என்று அறிஞர் மதிப்பிடுவர். அக்காலத்தில் சாவகத்தை ஆண்ட ஆங்கிலேய ஆளுநர் இராஃபில்ஸ், பிலிப்ஸ் என்னும் படைத்தலைவரிடம் அரிசி கொடுத்துச் சும்பாவாவுக்கு அனுப்பினார். அங்கே சங்கர் என்னும் சிற்றரசின் மன்னர் அவரைச் சந்தித்து, தாம் கண்ணால் கண்ட வெடிப்பினை விவரித்தார். அம்மன்னருடைய மகள் ஒருத்தியே பட்டினியால் இறந்துபோனாள் என்று பிலிப்ஸ் எழுதி வைத்திருக்கிறார். அரண்மனையில் பிறந்தவளுக்கும் பிடி சோறு கிட்டவில்லை. பேரழிவுக்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வளவோடு நின்றதா? இல்லை. மலை கக்கிய கந்தகப் புகை மேகமண்டலத்துக்கும் மேலே ஏறிற்று. அங்கே மழை இல்லை. ஆதலால் அப்புகையைக் கழுவி இறக்குவார் இல்லை. அது நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, காற்றோடு உலகம் முழுவதும் பரவி, கதிரவனின் ஒளியை ஒரு மெல்லிய திரைபோல் மறைத்தது. அடுத்த ஆண்டாகிய 1816-ஐ மேலைநாட்டார் "கோடை இல்லாத ஆண்டு" என்றே அழைக்கின்றனர். ஐரோப்பாவில் கோடை முழுவதும் மழை கொட்டிக் கதிர்கள் அழுகின. சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் குளிரால் நெற்பயிர் பொய்த்துப் பெரும் பஞ்சம் உண்டாயிற்று. வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், வெயில் காய வேண்டிய ஜூன் மாதத்தில் பனி பெய்தது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் உறைபனி இறங்கிப் பயிரைக் கருக்கிற்று.

அந்நாட்டு மக்களுக்குக் காரணம் தெரியாது. எங்கோ கிழக்குக் கடலில் ஒரு மலை வெடித்ததே தங்கள் வயலில் உறைபனியாக விழுகின்றது என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. சிலர் சூரியனில் தெரிந்த கரும்புள்ளிகளைக் காரணமாக்கினர். சிலர் வீடுகளின்மேல் நட்ட இடிதாங்கிக் கம்பிகளைப் பழித்தனர். பலர் இது தங்கள் பாவத்திற்கு இறைவன் அளித்த தண்டனை என்று அஞ்சினர். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, ஹம்ஃப்ரீஸ் முதலிய வானிலை அறிஞர்கள் எரிமலைத் தூசிக்கும் பருவக் கேட்டுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினர்.

ஒரு வீடு நடந்த வழி

அந்த 1816-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் வெர்மாண்ட் மாநிலத்து நார்விச் என்னும் ஊரில், ஸ்மித் என்பவருடைய குடும்பம் குத்தகை நிலத்தில் உழுது பிழைத்துவந்தது. பிள்ளைகள் எண்மர். மூத்தவன் ஆல்வின் பதினெட்டு வயதினன். அடுத்தவன் ஹைரம் பதினாறு. மூன்றாவதாகிய பெண் சோஃப்ரோனியா பதின்மூன்று. கடைக்குட்டி கைக்குழந்தை. இக்குடும்பத்தில் நான்காவதாகப் பிறந்த ஜோசப் என்னும் சிறுவன் பின்னாளில், 1830-இல், அந்நாட்டில் ஒரு சமயத்தை நிறுவினான். அச்சமயத்தைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அவனுடைய தாய் லூசி தம் முதுமையில் அந்நாட்களைச் சொல்லி எழுதுவித்தார். 1853-இல் அது நூலாக வெளிவந்தது. ஆகவேதான் ஏழைக் குடும்பம் ஒன்றின் பாடு இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைத்திருக்கின்றது.

ஏற்கெனவே இரண்டு ஆண்டுகள் அவர்களுக்கு விளைச்சல் பொய்த்திருந்தது. மூன்றாம் ஆண்டு உறைபனி எஞ்சியதையும் கொண்டுபோயிற்று. தந்தை முன்னதாகப் புறப்பட்டு, நியூயார்க் மாநிலத்து பால்மைரா என்னும் ஊருக்கு வேலையும் நிலமும் தேடிச் சென்றார். பின்னர்க் குளிர்காலத்தில், தாய் எட்டுப் பிள்ளைகளுடன் ஒரு வண்டியில் புறப்பட வேண்டியதாயிற்று. வழி ஏறத்தாழ முந்நூறு மைல். புறப்படும் தறுவாயில், தீர்ந்துவிட்டதென்று எண்ணியிருந்த கடன்களைக் கடன்காரர்கள் வந்து மறுபடி கேட்டனர். வழிச்செலவுக்கு வைத்திருந்த பணத்தின் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது.

வண்டியோட்டக் கூலிக்கு அமர்த்திய ஆளோ, கொடுத்த பணத்தைக் குடியிலும் சூதிலும் அழித்தான். சிறுவன் ஜோசப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் கால் எலும்பில் அறுவை நடந்திருந்தது. ஊன்றுகோலை விட்டுச் சில நாளே ஆன அப்பிள்ளையை அவன் வண்டியிலிருந்து இறக்கிப் பனியில் நடக்கவிட்டான். வழியில் ஓரிடத்தில் மூட்டை முடிச்சுகளை வீசியெறிந்துவிட்டு, குதிரைகளையும் வண்டியையும் ஓட்டிச் செல்லவும் துணிந்தான். அப்போது அந்தத் தாய் என்ன செய்தார்? தலைவிதி என்று அமர்ந்து அழவில்லை. சத்திரத்தில் பலர் கூடியிருந்த இடத்தில் அவனை நிறுத்தி, நடந்ததை அனைவரும் அறிய எடுத்துரைத்து, குதிரைகள் தம்முடையவை, அவற்றை அவன் தொடலாகாது என்று உறுதியாகக் கூறி, அவனை நீக்கிவிட்டார். வண்டியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

கையில் காசு இல்லை. தங்கிய சத்திரங்களுக்குத் துணியும் உடையும் கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். கடைசிச் சத்திரத்துக்குக் கொடுக்கத் துணியும் மிஞ்சவில்லை. அப்போது பதின்மூன்று வயதுப் பெண் சோஃப்ரோனியாவின் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். தந்தையைச் சென்றடைந்தபோது தாயின் கையில் இருந்தது இரண்டே செப்புக்காசு.

அன்பர்களே, இந்த இடத்தைப் படித்தபோது எம் கண்முன் வந்து நின்றது எது என்று சொல்லவும் வேண்டுமோ? இருநூறு ஆண்டுகளுக்கு முன், கடலுக்கு அப்பால், நம் மொழி அறியாத ஒரு பெண்ணின் காது வெறுமையாயிற்று. நம் சேரியில் வேப்பங்குச்சி செருகிய காதும் அதே காதுதான். துக்கம் உலகுக்குப் பொது என்று பகவான் உரைத்தது ஏட்டுச் சொல் அன்று.

எல்லாம் பழவினை என்பது தருமம் ஆகாது

இனி, பெண்ணின் கேள்விக்கு வருவோம். பேரிடர் பழவினையின் பயனா?

மோளியசீவகன் என்னும் துறவி ஒருவன் இராசகிருகத்து வேணுவனத்தில் பகவானிடம் வந்து, இதே கேள்வியைக் கேட்டான். மனிதன் நுகரும் இன்பமும் துன்பமும் எல்லாமே முன்செய்த வினையால் வருவன என்று சிலர் கூறுகின்றனரே, அது சரியா என்றான். பகவான் அதை மறுத்தார். பித்தத்தால் வரும் நோவு உண்டு. ஐயத்தால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. மூன்றும் கூடி வருவது உண்டு. பருவ மாறுதலால் வருவது உண்டு. முறைகேடான நடையால் வருவது உண்டு. பிறர் தாக்குதலால் வருவது உண்டு. வினைப்பயனால் வருவதும் உண்டு. இவ்வாறு எட்டுக் காரணங்களை வகுத்துக் காட்டி, எல்லாம் பழவினையே என்பார், தாமே கண்டறிந்ததையும் உலகம் கண்டறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர், அவர் கூற்று பிழை என்று தெளிவாக்கினார்.

எட்டில் ஒன்றாகப் பருவ மாறுதலைப் பகவான் வைத்தாரே, அதைக் கவனித்தீர்களா? தம்போரா வெடித்தது பருவத்தின் செயல். வெர்மாண்டில் உறைபனி விழுந்தது பருவத்தின் செயல். அங்கே பாவியும் இல்லை, பழியும் இல்லை.

யாம் ஆலையில் நூற்புப் பிரிவில் பல ஆண்டுகள் நின்றவர். எழுத்துப் படித்ததும் அங்கே இரவுமுறை ஓய்வு நேரத்தில்தான். அந்த ஆலைப் பாடம் ஒன்றைச் சொல்லுகின்றோம். ரிங் பிரேமில் இழை அறுந்துகொண்டே இருக்கும். ஏன் அறுகின்றது? காற்றில் ஈரம் குறைந்து வறண்டுபோனால் இழை அறும், அது பருவம். மட்டமான பஞ்சை வாங்கிப் போட்டாலும், உருளையைச் சரிபார்க்காமல் விட்டாலும் இழை அறும். அது மேலே இருப்பவர் செய்கை. தொழிலாளி கவனம் இழந்தாலும் இழை அறும். அது நம் செய்கை. ஆனால் யாம் கண்ட மேஸ்திரி ஒருவருக்கு இந்த வேறுபாடே கிடையாது. எந்த இழை அறுந்தாலும் பழி தொழிலாளி தலையில். கோடை வறட்சியில் அறுந்த இழைக்கும் எம் கூலியில் பிடித்தம். எல்லாம் பழவினை என்று சொல்லுகிறவர் அந்த மேஸ்திரியைப் போன்றவர். காற்றை விட்டுவிடுவார், பஞ்சு வாங்கியவரை விட்டுவிடுவார், நிற்கிறவன் தலையில் எல்லாவற்றையும் கட்டுவார்.

ஸ்மித் குடும்பத்தின் துன்பத்தையும் இவ்வாறே பிரித்துப் பாருங்கள். உறைபனி பருவத்தால் வந்தது. புறப்படும் நேரத்தில் கழுத்தைப் பிடித்த கடனும், வண்டியோட்டியின் குடியும் களவும் மனிதர் செய்கையால் வந்தவை. பருவத்தோடு நாம் வழக்காட முடியாது. மனிதர் செய்கையைத் தட்டிக் கேட்க முடியும். அந்தத் தாய் கேட்டார். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்து "விதி" என்று பெயரிட்டால் என்ன ஆகும்? களவு செய்தவன் குதிரையோடு போய்விடுவான். நாம் வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருப்போம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் வாய்வழியாகக் கேட்டிருப்பீர்கள். பசிபிக் கடலின் நீர் வெப்பம் மிகுந்ததால் மழைக்காற்று பிழைத்தது. அதே ஆண்டுகளில் சீனமும் பிரேசிலும் வறண்டன. அது பருவம். ஆனால் மக்கள் மடிந்துகொண்டிருந்த காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. 1877-இல் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் அளவு வகுத்தார். அது பருவமா? அது பழவினையா? அது மனிதர் கையெழுத்திட்ட ஆணை. இந்திய நாட்டில் ஐம்பது இலட்சத்திற்குக் குறையாதோர் அப்பஞ்சத்தில் மாண்டனர் என மதிப்பிடுவர். அவர்களெல்லாம் ஒரே நேரத்தில் முற்பிறப்புக் கணக்குத் தீர்க்க வந்தவர்கள் என்று சொல்லுவதற்கு நாக்கு எழுமோ?

இதனாலன்றோ போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த "புத்தரும் அவர் தம்மமும்" என்னும் நூலில், முற்பிறப்பு வினையைக் காட்டி ஏழையின் நிலையை விளக்கும் கொள்கையை ஏற்க மறுத்தார்? எளியவர் நிலைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கவே அக்கொள்கை வழி செய்யும் என்பது அவர் கண்ட உண்மை.

அப்படியானால் வினை என்பது இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மலை வெடிப்பது நம் வினை அன்று. மலை வெடித்த பின்னர் நாம் செய்வது நம் வினை. சும்பாவாவின் பசிக்கு அரிசி கொண்டு சென்றது ஒரு வினை. கால் நோவுற்ற சிறுவனைப் பனியில் நடக்கவிட்டது ஒரு வினை. தன் காதணியை வீட்டுக்காகக் கழற்றியது ஒரு வினை. தருமம் நம்மைக் கேட்கும் கணக்கு இதுவே.

கூடிப் பேசும் வீடு குலையாது

பெண்ணின் இரண்டாம் கேள்வி: மறுபடி வந்தால் என்ன செய்வது?

ஸ்மித் குடும்பம் பால்மைராவில் ஒன்று சேர்ந்ததும், முதலில் செய்த காரியம் யாது தெரியுமா? தாயும் தந்தையும் பிள்ளைகளும் சேர்ந்து அமர்ந்து, இனி எவ்வாறு பிழைப்பது என்று கலந்து பேசினர். தாய் மெழுகுத்துணி விரிப்புகளில் வண்ணம் தீட்டி விற்றார். தந்தையும் மூத்த மகன்களும் கூலிவேலைக்குச் சென்றனர். சில ஆண்டுகளில் நூறு ஏக்கர் அளவுள்ள காட்டு நிலத்தைத் தவணைக்கு வாங்கித் திருத்தினர்.

இதைப் படித்தபோது வஜ்ஜியர் கதை எம் நினைவுக்கு வந்தது. வஜ்ஜியரை வெல்லக் கருதிய மகத மன்னன் தன் அமைச்சன் வஸ்ஸகாரனைப் பகவானிடம் அனுப்பியபோது, பகவான் படைபலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வஜ்ஜியர் அடிக்கடி கூடுகின்றனரா, ஒற்றுமையாய்க் கூடி ஒற்றுமையாய்க் கலைகின்றனரா, மூத்தோரை மதிக்கின்றனரா, பெண்களை வன்முறையின்றிக் காக்கின்றனரா என்றே ஆனந்தரிடம் வினவினார். அவை உள்ளவரை அவர்களுக்கு வளர்ச்சியே அன்றித் தாழ்வு இல்லை என்றார். நாட்டுக்குச் சொன்ன இந்த அறம் வீட்டுக்கும் பொருந்தும்.

ஆகவே யாம் சொல்லுவது இது. வாரத்தில் ஒரு நாளாவது வீட்டார் அனைவரும் ஒன்றாக அமருங்கள். வரவு என்ன, செலவு என்ன, கடன் யாரிடம் எவ்வளவு என்பதைப் பிள்ளைகளுக்கும் மறைக்காதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று தள்ளாதீர்கள். துன்பம் வரும்போது அப்பிள்ளையின் தோட்டைக் கேட்கிறோமே, கருத்தையும் கேட்க வேண்டாமா? நோய்க்கும் வெள்ளத்துக்கும் அறிந்தோர் சொல்லும் முன்னெச்சரிக்கையை மதியுங்கள்; காரணத்தை ஆராய்வது பௌத்தனுக்குக் கடமை. நம் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வைப்பதை ஏளனமாக எண்ணாதீர்கள். பெருந்தொற்று நாட்களில் வேலை இழந்த வீடுகளில் உலை கொதித்தது அப்பிடி அரிசியால் அன்றோ? பஞ்சசீலத்தை வழிபாட்டு வேளைச் சொல்லாக மட்டும் வைக்காதீர்கள். கொடுக்காததை எடுப்பதும் மது அருந்துவதும் கூடாது என்னும் இரு சீலங்களை அந்த வண்டியோட்டி காத்திருந்தால், எட்டுக் குழந்தைகள் பனியில் பரிதவித்திருக்க மாட்டார்கள். பேரிடர்க் காலத்தில் ஒருவன் உடைக்கும் சீலம் மற்றொருவன் வீட்டை உடைக்கும்.

எஞ்சியிருக்கும் மலை

இன்னும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தப்பிய அக்குடும்பம் நெடுநாள் சுகமாக வாழ்ந்தது என்று முடிக்க எமக்கும் விருப்பமே. ஆனால் உண்மை அப்படி இல்லை. வீட்டைத் தாங்கிய மூத்த மகன் ஆல்வின் 1823-ஆம் ஆண்டு நோயுற்று இருபத்தைந்து வயதில் இறந்தான். பாடுபட்டுத் திருத்திய நிலத்தின் உரிமையையும் அவர்கள் பின்னர் இழந்தனர். கூடிப் பேசினால் சாவு வராது என்றோ, சீலம் காத்தால் வெள்ளம் விலகும் என்றோ நம் தருமம் பொய்யுறுதி தரவில்லை. பசேநதி மன்னனுக்குப் பகவான் காட்டிய மலை எல்லார்மீதும் உருண்டு வருகின்றது. அது வந்து சேரும் வரையில் ஒருவர் கையை ஒருவர் விடாமல் இருப்பதே நம்மால் ஆவது. அதுவே பெரிது.

இனி, அந்தப் பெண்ணுக்கு இந்தச் சபையின் நடுவே சொல்லுகின்றோம். குழந்தாய்! உன் தந்தையார் பாவத்தால் இறக்கவில்லை. உலகெங்கும் பரவிய நோயால் இறந்தார். உன் தாய் எந்தப் பிறவியிலும் செய்த எதற்காகவும் இதைச் சுமக்கவில்லை. இன்று வீட்டுக்குப் போனவுடன் முதற் காரியமாக அவர் கையைப் பற்றி, "அம்மா, பழி நம்முடையது அல்ல" என்று சொல். அவர் அழுதால் அழட்டும். இது வேறு அழுகை. பின்னர் மூவரும் விளக்கருகே அமர்ந்து, நாளைக்கு என்ன செய்வது என்று பேசுங்கள். உன் காதில் தோடு இல்லையே என்று நாணாதே. வீட்டுக்காகக் கழற்றப்பட்ட தோடு, அணிந்திருந்தபோது இருந்ததைவிட இப்போதே உனக்கு அழகு.

துக்கம் கேட்கப் போகும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இழந்தவர் வீட்டு வாசலில் நின்று பழவினை பேசாதீர்கள். பேசத் தெரியாவிட்டால் பேசாமல் இருங்கள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோங்கள். ஒரு வேளைச் சோறு கொண்டுபோங்கள். அதுவே அன்றைக்கு நீங்கள் செய்யும் தரும உபதேசம்.

பருவங்கள் நெறியில் நிற்க! பிழைத்தாலும் மக்கள் நெறி பிழையாதிருக்க! எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி வாழ்க!

சாது! சாது! சாது!